அடையாற்றுக் கரையில் குருத்தோலை ஞாயிறு

சேற்றுக் காலோடு வீட்டுக்குள் நுழைந்து அம்மாவிடம் திட்டு வாங்கும் என் அருமை அண்ணனுக்கு,

விஷ ஜுரம் உன்னைக் கொண்டுபோய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. நான் இப்போது சாந்தோம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. நல்ல சேதி வந்ததும் உனக்கு எழுதலாம் என்றிருந்தேன். வரவில்லை அண்ணா. கோபம்தான் வந்திருக்கிறது.

ஆறு கடலில் சேருமிடத்தில் ஞாயிறு தவறாமல் போய் உட்காருவாயே, அந்தக் கருவேலந்தோப்பை ஒரு முதலாளி வாங்கிவிட்டார். மரத்தை வெட்டி, சேற்றைத் தூர்த்து, பங்களா கட்டப்போகிறாராம். வக்காவும் கொக்கும் குஞ்சு பொரித்திருந்த நேரம் பார்த்து ஆட்களை அனுப்பினார்.

வெட்டுவதை நிறுத்தச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். "மரம் அவருடையது. பறவை யாருடையதம்மா?" என்று கேட்டார் அதிகாரி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். நீ என்ன சொல்லியிருப்பாய்? வழியெல்லாம் எனக்குப் பதில் பதிலாகத் தோன்றியது. அப்புறம் தோன்றி என்ன பிரயோசனம்?

வீட்டுக்கு வந்து அழுதேன். "நாம பிடிக்கிற மீனைத் தின்னுற கொக்குக்கு இவன் காவலு" என்று உன்னை ஏசிய அம்மா, மறுநாள் மீன் விற்கப் போகவில்லை. தோப்புக்குப் போய், வழியை மறித்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரி கத்தினான். "கொக்குக்கோசரம் வேலைய நிறுத்துவாங்களா? எழுந்திரும்மா!"

"மேல குஞ்சு கீது நைனா. ரெக்கை முளைச்சா அதுவே போயிடும். ஈஸ்டர் வரைக்கும் பொறு. அப்பால நீ இன்னா வேணா பண்ணிக்கோ."

அவன் முதலாளியிடம் போய்விட்டு வந்தான். "சரி, ஈஸ்டர் வரைக்கும்" என்றான். அம்மா எழுந்து அவனைக் கும்பிட்டாள். அம்மா ஒரு மேஸ்திரியைக் கும்பிட்டாள் அண்ணா, நம்புவாயா?

குருத்தோலை ஞாயிறன்று நம் குப்பமே பூசைக்குப் போயிருந்தது. ஓலையும் கையுமாக வெளியே வந்தால், பக்கத்துக் குப்பத்து முனுசாமி மாமா கோயில் வாசலில் நிற்கிறார். "தோப்புல வெட்டிக்கினு கீறாங்க" என்றார். நாம் இருக்கமாட்டோம் என்று தெரிந்து, அந்த நாளைப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

ஓடிப்போனோம். பெரிய குஞ்சுகள் எப்படியோ தப்பிப் பறந்துவிட்டன. சின்னவையெல்லாம் சேற்றில் கிடந்தன, காக்கைகள் இறங்கிவிட்டன. தாய்ப் பறவைகள் தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றின. "முதலாளி உத்தரவு, நான் இன்னா பண்றது?" என்றான் மேஸ்திரி. அம்மா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தவற்றைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் மீனை நசுக்கி ஊட்டிப் பார்த்தாள். ஒன்றும் தங்கவில்லை.

நீ மட்டும் ஏன் அத்தனை சீக்கிரம் போனாய்? உன்மேலும் கோபமாக இருக்கிறது.

இன்று அந்தச் சேற்றில் மண் கொட்ட வண்டிகள் வந்தன. கரையோரம் பாதி மூடியாகிவிட்டது. மீதியில் உள்ளான் குருவிகள் இன்னும் மூக்கை நுழைத்து இரை தேடுகின்றன. நாளைக்கு மறுபடி ஆபீசுக்குப் போகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும். இந்தத் தடவை பதில் சொல்லாமல் திரும்பமாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நான் எழுதுவதைப் பார்த்து அம்மா அடுப்படியிலிருந்து சொல்கிறாள்: "அம்மா நம்பி ஏமாந்துட்டான்னு எழுது. நாளைக்கு நானும் வரேன்னு எழுது."

உன்னோடு சேற்றில் நடந்த உன் தங்கை,
பிலோமினா