பின்சீட்டிலிருந்து பார்த்தது

ஜூலை 3, வியாழன்
இன்றிலிருந்து எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். பிடித்தது, பிடிக்காதது என்றால் போதாது. ஏன் என்பதும் வேண்டும். முதலில் நூலகம்: புத்தகங்கள் அருமை. ஜன்னலோர நாற்காலி ஆடுகிறது. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தால் சரியாகும். நூலகர் அக்காவிடம் சொன்னேன். "வந்துட்டாங்கம்மா இன்ஸ்பெக்டர்!" என்றார். ஆனால் அட்டை வைத்தார்.

ஜூலை 7
அப்பா சாப்பிடவில்லை. அவருடைய டாக்சியில் ஏறுபவர்கள் போனில் போடும் நட்சத்திரங்கள் குறைந்துகொண்டே வருகின்றனவாம். மாதக் கடைசிக்குள் அவை ஏறாவிட்டால் கம்பெனி அவரை நீக்கிவிடும். காரணத்தை ஒருவர்கூட எழுதவில்லை. மூன்று. இரண்டு. வெறும் நட்சத்திரம். என்ன தப்பு என்று சொல்லாமலே அடிப்பது மாதிரி.

ஜூலை 9
அண்ணன், "என் ஃபிரெண்ட்ஸ் பசங்களையே ஏத்தி இறக்கி அஞ்சு அஞ்சா போட வெச்சிடலாம்" என்கிறான். அம்மாவுக்கும் சம்மதம். அப்பா, "நான் அப்படி என்னடா பண்ணிட்டேன்?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 12, சனி
பயணி மாதிரி பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். எனக்கு எப்போதும் முன்சீட்டுதான். வண்டி சுத்தம். பள்ளத்தில்கூடக் குலுக்கல் இல்லை. ஆனால் —

எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆக வேண்டும். நடுக்கண்ணாடியில் அப்பாவின் கண்கள். சிக்னலில், திருப்பத்தில், என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. என் அப்பா என்பதால் சிரித்தேன். தனியாக ஏறும் ஓர் அக்கா என்றால்?

எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் எப்படி இருப்பேன்?

ஜூலை 13
சொல்லிட்டேன். ஐயோ, ஏன் சொன்னேன்? "அப்பா, நீங்க கண்ணாடியில ஆளையே பாக்குறீங்க. பயமா இருக்கும்." அவர் முகமே செத்துப்போச்சு. "குளிருதா, தலை சுத்துதான்னு முகத்தப் பாத்தாதானேம்மா தெரியும்? என்னைப் போயி..." எழுந்து போய்ட்டார். "பெத்த அப்பனுக்கே மார்க் போட வந்துட்டா!" — அம்மா.

உண்மைதானே சொன்னேன்? பாதிதான் சொன்னேனோ? வண்டி சுத்தம்னு சொல்லல. குலுக்கலே இல்லைன்னு சொல்லல. குறைய மட்டும் தூக்கிப் போட்டா, அதுவும் ரெண்டு நட்சத்திரம்தானே?

ஜூலை 14
அப்பா என்னிடம் பேசவில்லை.

ஜூலை 15
ஒரு தாளில் முழுதும் எழுதி அவர் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். நல்லது எல்லாம் முதலில். பிறகு: 'குளிருதா என்று வாயால் கேட்டால் போதும், அப்பா. கண்ணாடி இருப்பது பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க.'

ஜூலை 16
பை காலியாகத் திரும்பி வந்தது. தாளும் இல்லை. பசங்களைக் கூப்பிடட்டுமா என்று அண்ணன் மறுபடி கேட்டான். "வேணாம்" என்றார், சுவரைப் பார்த்து. நான்தான் கெடுத்துவிட்டேனா?

ஜூலை 24
இன்னும் ஒரு வாரம்தான். நட்சத்திரக் கணக்கு ஏறவில்லை. சாப்பிட உட்காரும் முன் அப்பா போனை என் பக்கம் நீட்டினார். "படி." நான்கு நட்சத்திரம். கீழே, முதல் தடவையாக, வார்த்தைகள்: 'குளிருதா என்று கேட்டு ஏசியைக் குறைத்தார். பயமில்லாமல் தூங்கிவிட்டேன். வீட்டு வாசலில் எழுப்பினார்.'

"மிச்சம் ஒரு நட்சத்திரம் எங்க போச்சாம்?" என்றான் அண்ணன்.

"அத நாளைக்கு இவ பின்சீட்ல உக்காந்து பாத்துச் சொல்வா" என்றார் அப்பா. இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டார்.

விளக்கை அணைத்துவிட்டார்கள். இந்த வரி இருட்டில் எழுதியது, கோணலாகத்தான் இருக்கும்.