பாதிப் படம்

கிளென் வேவர்லி
28.4.1975

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மருந்து எடுக்கிறாவா? நான் சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

ஒரு சின்னப் புதினம் சொல்லவேண்டும். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சோரன்சன் டென்மார்க்காரர். அவர் நாட்டை ஜெர்மன்காரர் பிடித்திருந்தபோது வள்ளத்தில் தப்பிப்போய், தானாக விரும்பி பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தவர். என் மேசையில் உங்கள் படத்தையும் அதில் நீங்கள் போட்டிருக்கும் விமானப்படைத் தொப்பியையும் கண்டு, "அப்பாவும் விமானியா?" என்று சந்தோசமாகக் கேட்டார். நான் ஓமென்று தலையாட்டிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பழைய போர்வீரர்களின் ஊர்வலத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். "இவன்ர அப்பாவும் எங்களைப்போலப் பறந்தவர்" என்று சிநேகிதர்களுக்கெல்லாம் சொன்னார். ஊன்றுகோலோடு இருந்த ஒருவர் சிரமப்பட்டு எழுந்து என் கையைப் பிடித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இப்போது உங்கள் படம் அவருடைய முன்வாசல் விறாந்தையில், சண்டையிலிருந்து திரும்பாத அவருடைய தோழனின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நான் பின்வாசலால் போய் வருகிறேன்.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கள். சீனன்குடா விமானத்தளக் குசினியில் சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நீங்கள் அகப்பையோடு நிற்கும் படம் அக்காவிடமும் ஒன்று இருக்கும். அதையும் அனுப்புங்கள். நானே அவர் கையில் கொடுக்கவேண்டும்.

என்னிடம் இருந்ததில் அகப்பை தெரியக்கூடாதென்று கீழ்ப்பாதியை வெட்டியது நான்தான், ஐயா.

தபால் எடுக்க வரும் நேரமாகிவிட்டது.

மகன்
தவராசா