ஆட்டுப் பாதையைப் படத்தில் ஏற்றிய மதினிக்கு

என் பிரியமுள்ள மதினி,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் நன்றாக இருக்கிறார். ரசம் வைக்கப் பழகிவிட்டார். உப்புப் போடத்தான் இன்னும் மறந்துபோகிறார். நம் ஊர்க் காட்டில் காற்றாலைகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆடிக் காற்றில் அவை சுற்றுகிற வேகத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அடியிலேயே ஆடுகள் மேய்கின்றன.

இன்றைக்கு எழுத வந்தது வேறு சங்கதி. நேற்று நான் கடற்கரைக்குப் போய் வந்தேன்.

வேம்பார் பக்கம் ஒரு மீனவர் ஊர். கடலுக்குள்ளும் காற்றாலை நடலாமா என்று பார்க்கிறார்களாம். முதலில் காற்றை அளக்க ஒரு கம்பம் ஊன்றப் போகிறார்கள். அதற்கான கூட்டத்துக்கு, காற்றாலை வந்த ஊரிலிருந்து யாராவது வந்து பேச வேண்டும் என்று அங்குள்ள மகளிர் குழுத் தலைவி செல்வராணி சொல்லி அனுப்பியிருந்தாள். நீங்கள் இருந்திருந்தால் நீங்கள்தான் போயிருப்பீர்கள். எட்டயபுரத்தில் பஸ் மாறும்போதுகூடத் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.

நான் போய் என்ன பேச? அன்றைக்கு உங்களுக்கு எதிராக நின்றவள் அல்லவா நான். கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த வரைபடத்தில் நம் காடு வெறும் வெள்ளையாக இருந்தது. ரோடு எங்கள் புஞ்சை வழியாக வரும், அதற்குப் பணம் தருவோம் என்றதும் நானும் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டோம். வார்டு மெம்பரான நீங்கள் கிராம சபையில் எழுந்து, "தம்பி, ஒங்க படத்துல எங்க ஓடையக் காணலயே. அது மேல ரோட்டப் போட்டா கம்மாய்க்குத் தண்ணி எப்படி வரும்?" என்று கேட்டீர்கள்.

மறுநாளே அந்த இஞ்சினியரைக் காட்டுக்கு நடத்திப் போனீர்கள். முந்தின நாள் நல்ல மழை. கரிசல் ஒட்டி ஒட்டி அவருடைய பூட்ஸ் ஒவ்வொன்றும் தலையணை அளவுக்கு ஆகிவிட்டது. கடைசியில் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து, ஓடையையும் ஆட்டுப் பாதையையும் அவரே பென்சிலால் வரைந்தார். ரோடு தள்ளிப் போனது. நான் ஒரு மாசம் உங்களோடு பேசவில்லை. அந்த ஐப்பசியில் கண்மாய் நிரம்பி மறுகால் போனபோதும், நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஏன் என் வாயில் வரவில்லை? மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோகும் என்று யார் நினைத்தது?

நேற்று அந்தக் கூட்டத்தில் இதையெல்லாம் அப்படியே சொன்னேன், என் பிழை உட்பட. செல்வராணி கேட்டாள்: "எக்கா, ஒங்களுக்கு நெலமும் பட்டாவும் இருந்துச்சு. கடலுக்கு ஏது பட்டா? அதனால எங்கள்ட்ட கேக்க வேண்டியதில்லன்னு சொல்லுதாவ."

"ஆட்டுப் பாதைக்கும் பட்டா கெடயாது, செல்வராணி. எங்க மதினி அதப் படத்துல ஏத்த வச்சாவ," என்றேன்.

பிறகு பெரிய தாள் ஒன்றை விரித்தார்கள். வலை போடும் இடங்களையும், மீன் தங்கும் பாறைத் திட்டுகளையும் ஆண்கள் வரைந்தார்கள். அந்தத் திட்டைப் 'பார்' என்கிறார்கள். நாங்கள் கடல்பாசி எடுக்க இறங்கும் இடம் எங்கே என்று பெண்கள் சண்டை பிடித்து அதையும் சேர்க்க வைத்தார்கள். மத்தியானம் வந்த காற்றாலைத் திட்ட அதிகாரி தாளை நெடுநேரம் பார்த்தார். கம்பத்துக்கு அவர் படத்தில் குறித்திருந்த இடம் சரியாகப் பாரின் மேலேயே இருந்தது. அவரே சிவப்பு மையால் அதை அடித்தார். மாற்று இடத்தை ஊர்க்காரர்களோடு படகில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

எனக்குக் கருவாடு கட்டிக் கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

பௌர்ணமி கழித்துப் படகு போகிறது, என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். முழங்கால் தண்ணீருக்கு மேல் நான் இறங்கியதில்லை, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் போவேன் மதினி. தலை சுற்றினாலும் வாந்தி எடுத்தாலும், புது இடத்தை அந்தச் சனங்களே கை காட்டி, அதிகாரி குறித்துக்கொள்ளும்வரை படகைக் கரைக்குத் திருப்பச் சொல்ல மாட்டேன்.

கூட்டத்தில் பேசக் கற்றுக்கொண்டுவிட்ட
உங்கள் நாத்தனார்,
பேச்சியம்மாள்