வைக்கோல் போரின் நிழல்

17-8-1986
காவாந்தண்டலம் காலனிக்குச் சூரிய மோட்டார் வந்துவிட்டது. சர்க்கார் எங்களுக்கு விட்ட நிலத்தில், கிணற்றுப் பக்கம் கண்ணாடிப் பலகைகளை நிறுத்தினார்கள். வெயில் பட்டதும் தண்ணீர் வந்தது. டீசல் வேண்டாம், புகை இல்லை, உலகத்துக்கே நல்லது என்றார் பட்டணத்து ஆபீசர். உலகம் இருக்கட்டும். சடையப்பன் ஐயாவிடம் ஆயில் எஞ்சின் கேட்டு என் வீட்டுக்காரர் இனி கைகட்டி நிற்க வேண்டாம். எனக்கு அது போதும்.

பலகையை நடு நிலத்தில் வைக்கத்தான் ஆபீசர் பார்த்தார். "ஓரமா வையுங்க சார், நாலு பாத்தி கூட போடலாம்" என்றவர் என் வீட்டுக்காரர்தான். ஓரம் என்றால் பக்கத்து வயலில் உள்ள ஐயாவின் மேட்டை ஒட்டி. நானும் தலையாட்டினேன்.

2-11-1986
கத்தரி பிஞ்சு விட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்முலு பாத்தியில் நின்று, "யக்கா, இந்த வருசம் கூலிக்கிக் களையெடுக்க நான் போவல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

24-1-1987
ஐயா வயலில் அறுவடை முடிந்து இன்று போர் போட்டோம். அந்த வேலையில் இவரை மிஞ்ச ஆளில்லை. வழக்கம்போல அந்த மேட்டில்தான். இவர் உச்சியில் நின்று அடுக்க, நான் கீழிருந்து வைக்கோலை எடுத்துக் கொடுத்தேன். நல்ல வெயில் நேரத்தில் மோட்டார் முனகிக்கொண்டு நின்றது. திரும்பிப் பார்த்தால் – பலகைமேல் போரின் நிழல்.

பலகை வைத்தபோது மேடு காலியாக இருந்தது. ஆனால் வருஷா வருஷம் அங்கே போர் போடுகிறவர்கள் நாங்கள்தானே? ஒருத்தருக்குமா தோன்றவில்லை?

25-1-1987
போரை வேறு இடத்தில் போடச் சொல்லி ஐயாவிடம் கேளுங்கள் என்று இவரிடம் சொன்னேன். "யாரு கேக்கறது? நாளிக்கிக் கூலிக்கி அவருகிட்டதான நிக்கணும்?" என்று படுத்துக்கொண்டார்.

28-1-1987
நானே போனேன். ஐயா கோபிக்கவில்லை. "இன்னா பாக்கியமேரி, எங்க நைனா காலத்துலேர்ந்து போரு அங்கதான் கீது. பள்ளத்துல போட்டா மழைக்கி அழுகிப்பூடும். மாடு இன்னா துன்னும்?" அதுவும் நியாயம்தான். வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுகை.

9-2-1987
ஆபீசர் வந்து பார்த்தார். பலகையை இடம் மாற்ற மேலே உத்தரவு வேண்டுமாம். எழுதிப் போடுகிறாராம். அதுவரைக்கும் செடி இன்னா பண்ணும், காத்துக்கினு இருக்குமா? குடம் குடமாக ஊற்றினோம். கை விட்டுப்போகிறது.

1-3-1987
கத்தரி முழுக்கக் காய்ந்துவிட்டது. அம்முலு கூலிக்குப் போனாள்.

19-4-1987
மாடுகள் தின்று போர் பாதியாகிவிட்டது. சித்திரை பிறந்து சூரியனும் தலைக்கு நேராக வந்துவிட்டது, நிழல் பலகையை விட்டு விலகிவிட்டது. இன்று காலையில் யாரும் தொடாமலே மோட்டார் ஓட ஆரம்பித்தது. இவர் ஐயா வயலில். அம்முலுவும் அங்கேதான். காய்ந்த பாத்தியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. போய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.