பச்சைக் கத்வாலும் ஒட்டியாணமும்

கொவ்வூர்

சிரஞ்சீவி சூரிபாபுவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. உடம்பளவில் நான் சுகம். பிலாயில் குளிர் கடுமை என்றாயே, சரோஜினி வாய்க்கசப்பு தீர்ந்து சாப்பிடுகிறாளா, ஆறாம் மாதம், அவளைக் குடம் தூக்க விடாதே. கோங்கூரா ஊறுகாய் ஒரு ஜாடி கட்டி வைத்திருக்கிறேன். அதை நான் கொண்டுவருவதா, யாரிடமாவது கொடுத்தனுப்புவதா என்பதை இதைப் படித்தபின் நீயே சொல்.

உன் அத்தை நரசம்மா உனக்கு எழுதியிருப்பாள். அவள் எழுதியது நிஜம்தான். போன சங்கராந்திக்குச் சினிமாக்காரர்கள் கர்ணம் வீட்டில் கல்யாணக் காட்சி எடுத்தபோது பக்கத்து வீட்டுப் புல்லம்மாவோடு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். மணப்பெண்ணைச் சுற்றி நிற்க வேண்டிய சுமங்கலிகளில் ஒருத்திக்குக் காய்ச்சலாம். உடுப்பு கவனிக்கிற மதராஸ் அம்மாள் என்னைப் பார்த்து, “இந்தக்கா நல்ல உசரம், நிறுத்தினா எடுப்பா இருக்கும்” என்றாள். நான் தாலி இழந்தவள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. புல்லம்மாவும், “போக்கா, கூட்டத்துல மூஞ்சி யாருக்குத் தெரியப்போவுது” என்று தள்ளிவிட்டாள். பச்சைக் கத்வால் புடவை, இடுப்பில் ஒட்டியாணம், கழுத்தில் காசுமாலை, கையில் வங்கி, எல்லாம் முலாம்தான். சவுரி வைத்துப் பின்னி ஜடைபில்லை குத்தினாள். கடைசியில் பொட்டு வைக்க அவள் விரல் நெற்றிக்கு வந்தபோது நான் தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை, சூரி. உன் நாயனா போனபின் அன்றைக்குத்தான் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

போன வாரம் அந்தப் படம் இங்கே கொட்டகைக்கு வந்தது. நரசம்மா கூப்பிட்டாள், மறுத்தால் சந்தேகப்படுவாள் என்று போனேன். புல்லம்மாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தாள். திரையில் அட்சதை போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, அவ்வளவு பெரிதாக நான். இடைவேளையில் அவள் எல்லாருக்கும் கேட்க, “எந்தம்பி இருந்தவரைக்கும் இவளுக்கு இடுப்பே கெடையாது, அவன் போனதும் ஒட்டியாணம் கேக்குது” என்றாள். அது நானில்லை, யாரோ மதராஸ் பொம்பளை என்றேன். அதோடு நிறுத்தினேனா, வேண்டுமானால் புல்லம்மாவைக் கேளுங்கள் என்றும் சொன்னேன். புல்லம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம், அது அக்கா இல்லை என்றாள். “அப்போ ஒம்மக தலையில அடிச்சு சத்தியம் பண்ணுடி” என்றாள் நரசம்மா. புல்லம்மா மடியில் தூங்கிய குழந்தையின் தலைக்கு மேல் கையைத் தூக்கிவிட்டாள். அப்புறம்தான் அந்தக் கையைப் பிடித்து, நான்தான் என்றேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

தெருவில் தலை நிமிர முடியவில்லை. ஆனாலும் அந்தக் கை அவ்வளவு தூரம் போகும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேனே, அந்த வெட்கம்தான் என்னைத் தின்கிறது. புல்லம்மாவோ ஒன்றும் நடக்காததுபோல் மறுநாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பிரசவத்துக்கு நான் வருவது சரோஜினி வீட்டாருக்குக் குறைச்சல் என்றால் ஒளிக்காமல் எழுது, தப்பாக நினைக்க மாட்டேன். நீங்கள் இருவரும் பிள்ளையும் குட்டியுமாகக் குறைவில்லாமல் வாழ வேண்டும். கம்பளிச் சட்டையை ஆணியில் மாட்டி வைக்காமல் போட்டுக்கொள். அங்கே தெலுங்குக்காரர்கள் மாதம் ஒரு படம் போடுவதாக எழுதியிருந்தாய். இது வந்தால் போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போய்வா, சரோஜினியையும் கூட்டிக்கொண்டு போ. உன் அம்மா பொட்டும் பூவுமாக எப்படி இருந்தாள் என்று அவளுக்குக் காட்ட நம் வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. என்னிடம் மட்டும் அதைப் பற்றிக் கேட்காதே.

உன் அம்மா,
சீதாரத்னம்