லேபலில் மட்டும் நம் பந்தல்

லிங்கநகர்,
திருகோணமலை.
3.3.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சீலா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். உங்கள் மூட்டுவலி எப்படி? நாங்கள் சுகம். அவளுக்குக் கொஞ்சம் இருமல், பயப்பட ஒன்றுமில்லை.

அப்பா, எங்கள் வைன் கம்பனி லொறி இந்த முறை உங்களிடம் வராது. காத்திருக்காமல் பந்தலில் பழுத்த முந்திரிகைக் குலைகளை வெட்டிச் சுன்னாகம் வியாபாரிகளுக்கே கொடுத்துவிடுங்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியவள் நான்தான்.

நேற்றுத் துறைமுகத்திலிருந்து அறுபது மூட்டை காய்ந்த முந்திரிகை வந்தது. அதை ஊறவைத்துத்தான் இனி வைன். பீப்பாய் கழுவும் வின்சன்ட், "அக்கா, உங்கட அப்பா இப்ப கப்பலிலயோ தோட்டம் செய்யிறார்?" என்று சிரித்தான். போத்தல் லேபலில் இருப்பது நம் பந்தலின் படமல்லவா? அதையாவது எடுத்துவிடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன்.

"படம் இருக்கட்டும் பிள்ளை. அதைப் பாத்துத்தானே சனம் வாங்குது" என்றார்.

இன்றும் இருநூறு போத்தலுக்கு அந்த லேபலை ஒட்டினேன்.

கோபத்தில் வந்து அவரோடு கதைக்க வேண்டாம், அப்பா. சீலாவின் அப்பாவும் கப்பலேறி இரண்டு மாதமாகக் கடிதமில்லை. இந்த வேலையும் போனால் எனக்கு ஏலாது.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் இரண்டு குலை கொடுத்துவிடுங்கள். சீலா லேபலைத் தொட்டு "அம்மப்பா பழம்" என்கிறாள். இன்னும் வாயில் வைத்ததில்லை.

பழம் விலைபோனதா என்று உடனே ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்,
இன்பமலர்