தறிச்சத்தம் கேட்காத நாள்

என் வசந்தா அப்பாவுக்கு,

நீங்கள் போனபின் உங்கள் தறியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சேலையின் கரைப் பக்கம் நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டுமே. "கூலிக்கு ஆள் வெக்க முடியாது அண்ணி. வசந்தாவ உக்கார வைங்க. பொட்டப் புள்ளைக்கு இங்கிலீசு எதுக்கு?" என்றார் உங்கள் தம்பி. எனக்கு வேறு வழி தெரியவில்லைங்க. அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன்.

நெய்துகொண்டே நீங்கள் அவளுக்குச் சொன்ன இங்கிலீஷ் அர்த்தங்களில் ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை. ஹோம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற இடம். நெய்பர் என்றால் கூப்பிடாமலே எட்டிப் பார்க்கிறவர். அதைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டம்மா என்னோடு பேசுவதையே நிறுத்தினாள், ஞாபகம் இருக்கிறதா?

ஹாலிடே என்றால் தறிச்சத்தம் கேட்காத நாள், அமாவாசை. பரீட்சையிலும் வசந்தா அப்படியே எழுதிவைத்தாள். டீச்சர் அதை அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை என்று திருத்தினார். நமக்கு ஞாயிறும் தறிதான், அமாவாசை ஒன்றுதான் ஓய்வு என்று வெளியூர்க்காரருக்கு யார் சொல்வது? நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

இன்று அமாவாசை. உங்களுக்குப் படையல் போட்டுவிட்டு நாங்கள் சும்மா இருக்கவேண்டிய நாள். ஆனால் முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கிறது. நெய்யக் கொடுத்த முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். உங்கள் வேகம் எனக்கு எங்கே வரும்? தெருவே அடங்கிக் கிடக்க, நம் வீட்டுத் தறியை மட்டும் ஓட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் வசந்தா நாடாவைப் பிடித்தபடி நிறுத்திவிட்டாள்.

"யம்மா, இன்னிக்கு அமாவாசதானே? தறி ஓடிக்கினு இருக்குதே. அப்போ அப்பா சொன்ன அர்த்தம் தப்பாம்மா?"

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? தறிக்குழியை விட்டு எழுந்து, அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அடுப்பு எப்படி எரியும் என்று தெரியவில்லை.

நாளைக் காலை அவளைப் பள்ளிக்கூடத்துக்கு நானே அழைத்துப் போகிறேன். முதலாளி கத்தட்டும். இனி ஒற்றை ஆளாக நெய்யக்கூடிய சேலையாகக் கேட்டு வாங்குவேன், கூலி குறைந்தாலும் சரி. அமாவாசையன்று இந்த வீட்டில் தறிச்சத்தம் கேட்காது. நீங்கள் சொன்னது சரிதான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அதைப் பொய்யாக்க மாட்டேன்.

உங்கள்
வசந்தா அம்மா